பழைய தியேட்டரின் கரண்ட் பில்லைக் குறைக்க முதலில் எதில் கை வைக்கலாம்?

கேட்டவரின் தியேட்டர் 1970களில் கட்டியது. 700 சீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிற்பாடு போட்ட ஏசி. சோலார் போடுவதா, லேசர் புரொஜெக்டர் வாங்குவதா என்று கேட்கிறார். என்னைக் கேட்டால் இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு, ஒரு நாள் மதியம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறிப் பாருங்கள் என்பேன்.

நான் எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவன். இதே மாதிரி ஒரு தியேட்டரில் மே மாதம் மேட்னி நேரத்தில் அப்படி ஏறினேன். ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை, அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. அந்த அடுப்புக்குள்ளேதான் ஏசியின் குளிர்காற்றைக் கொண்டுபோகும் டக்ட் ஓடுகிறது! சுற்றியிருந்த இன்சுலேஷனைப் பாதி எலி தின்றிருந்தது. கீழே முப்பது பேர் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுகிறார். ஹவுஸ்ஃபுல் என்றால் 70 கிலோவாட். அதைச் சமாளிக்க மட்டுமே 20 டன் ஏசி வேண்டும். சரி, அது டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் சூடு. ஆனால் மேட்னிக்கு வந்த முப்பது பேரின் கணக்கு 3 கிலோவாட்தான். மீதி ஏசி யாருக்காக ஓடியது? பெரும்பங்கு கூரைக்காக. அந்தக் காலத்தில் மேலே வென்டிலேட்டர் வைத்து, சூடு தானாக வெளியேறும்படி கட்டினார்கள். ஏசி வந்ததும் வென்டிலேட்டரைப் பலகை அடித்து மூடினார்கள். கூரையை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் முதல் செலவு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட். புதிதாக அடித்தபோது வெயிலில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், தூசி படியப் படியக் குறையும். ஒன்று கவனம்: ஆஸ்பெஸ்டாஸைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். அப்புறம் டக்ட் இன்சுலேஷன். சீலிங் மேலே பரப்ப மலிவாகக் கிடைக்கிறது என்று தெர்மோகோலை யாராவது சிபாரிசு செய்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தீப்பிடித்தால் கூட்டத்தின் தலையில் உருகி விழும். தீப்பிடிக்காத ராக்வுல் (கல் இழைப் பஞ்சு) போடுங்கள்.

அடுத்தது ஏசி புளோயர், அதாவது ஹாலுக்குள் காற்றைத் தள்ளும் பெரிய ஃபேன். பழைய இடங்களில் முப்பது பேருக்கும் எழுநூறு பேருக்கும் அது ஒரே வேகத்தில்தான் சுற்றும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பொருத்தி வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும். இது என் கைச்சரக்கு இல்லை, ஃபேன் விதியே அதுதான். எக்ஸிட் கதவு இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை அடியுங்கள். ஆனால் கதவு வெளிப்பக்கம் தடையில்லாமல் திறக்க வேண்டும், லைசென்ஸ் விஷயம்.

லேசர்? பழைய புரொஜெக்டரில் இருக்கும் செனான் லேம்ப் சில கிலோவாட் இழுக்கும், அதன் சூட்டைத் தள்ள எக்ஸாஸ்ட் வேறு. லேசரில் மிச்சம் உண்டுதான். ஆனால் ஏசி லோடுக்கு முன்னால் அது சிறிசு. இருக்கிற புரொஜெக்டர் படுக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். சோலாரும் பிறகுதான். உங்கள் கூட்டம் வருவது இரவுக் காட்சிக்கு, பேனல் வேலை செய்வது பகலில். அந்தப் பழைய இரும்புச் சட்டம் பேனல் பாரத்தைத் தாங்குமா என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்தபின் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு என்றால் நீங்கள் எவ்வளவு குறைவாக இழுத்தாலும், ஒப்பந்த டிமாண்டில் (ஒரே நேரத்தில் அதிகபட்சம் இவ்வளவு இழுப்பேன் என்று ஈபியிடம் எழுதிக் கொடுத்த அளவு) 90 சதவீதத்துக்கு டிமாண்ட் சார்ஜ் கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு கோடை முழுக்க மீட்டரில் உச்ச டிமாண்டைக் குறித்து வையுங்கள். இறங்கியிருந்தால் ஒப்பந்த டிமாண்டைக் குறைக்கச் சொல்லி ஈபி ஆபீசில் எழுதிக் கொடுங்கள். நான் சொன்ன அந்தத் தியேட்டர்காரர் இதை ஒரு வருடம் கழித்துத்தான் செய்தார்.