தூரிகைக் கேள்விகள்: குழந்தைப் புத்தகத்துக்குப் படம் வரைவோருக்கு

கேள்வி: தாத்தாவோடு மீன் பிடிக்கப் போகும் சிறுமியின் கதைக்குப் படம் வரைந்து அனுப்பினேன். 'படம் கதையையே திருப்பிச் சொல்கிறது' என்று பதிப்பகத்தில் திருப்பிவிட்டார்கள். வேறு எப்படி வரைவது?
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: 'அமுதா தாத்தாவோடு கடலுக்குப் போனாள்' என்ற வரிக்கு அதையே படமாக்கினால், பார்க்கிற குழந்தைக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. வரி சொல்லாததை வரையுங்கள். வலைக் குவியலில் ஒரு நண்டு ஒளிந்திருக்கட்டும். அடுத்த விரிபக்கத்தில் (எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்களில்) அது தூக்குவாளி மூடிமேல் உட்காரட்டும். கதையில் நண்டு என்ற சொல்லே வர வேண்டாம். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை அதைத்தான் தேடும். படகிலும் கவனம் தேவை. உங்கள் கரையில் ஃபைபர் படகு நிற்கும்போது பாய் விரித்த கட்டுமரத்தை வரைந்தால் உங்கள் ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள்.

வண்ணத்தில் கை வைக்குமுன் டம்மி, அதாவது புத்தகத்தின் வெற்று மாதிரி, செய்துவிடுங்கள். ஆறு ஏ4 தாள்களைப் பாதியாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் 24 பக்கம். முதல் பக்கம் தலைப்புக்கு, கடைசிப் பக்கம் பதிப்பு விவரத்துக்கு. இடையில் 11 விரிபக்கங்கள் இருக்கும். பக்கத்தை எங்கே திருப்ப வைப்பது என்பது இதில்தான் பிடிபடும். 'வலைக்குள் என்ன துள்ளுகிறது?' என்பது வலப்பக்கத்தில் முடிய வேண்டும். விடை, திருப்பிய பிறகு.

எழுத்துக்கான இடத்தையும் இப்போதே ஒதுக்குங்கள். ஆங்கிலப் படப் புத்தகங்களைப் பார்த்துப் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வரியும் கூடும். கதையை 18 புள்ளி (பாயிண்ட்) எழுத்து அளவில் அச்சிட்டு, வெட்டி, டம்மியில் ஒட்டிப் பாருங்கள். அந்த இடத்தில் அலையும் இலையும் வேண்டாம், வெளிர் வானம் போதும். நடு மடிப்பின் இருபுறமும் 1 செ.மீ. வரை முகம் வரக்கூடாது, பைண்டிங் விழுங்கிவிடும். அச்சகத்தில் தாளை வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. வண்ணம் நீளட்டும். இல்லாவிட்டால் கத்தி கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் வாட்டர்கலர் தாளில் வண்ணம் புள்ளி புள்ளியாக ஊறிவிடுகிறது. தாள் மட்டமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வாங்கும்போது நன்றாக இருந்திருக்கும். வண்ணம் உடனே உறிஞ்சப்படாமல் இருக்க, தாளில் ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பார்கள். கடற்கரை ஈரத்தில் அது கெட்டுப்போனால் தாள் உறிஞ்சுதாள் ஆகிவிடும். அதைச் சரிசெய்வது எளிதல்ல, பென்சில் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தாளை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் மூடி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஓரத்தில் ஒரு தீற்றல் போட்டுப் பார்த்துவிட்டே ஆரம்பியுங்கள். தாளின் எடை 300 ஜி.எஸ்.எம்.முக்குக் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) குறைந்தால் தாள் நெளியும். பாதி காய்ந்த வண்ணத்தின்மேல் நீர் அதிகமான தூரிகையை வைத்தால் காலிஃபிளவர் போலப் பூத்துவிடும். மழை நாளில் காய நேரமாகும் என்பதால் இந்தத் தவறு கூடுதலாக நடக்கும். பொறுமை இல்லையென்றால் ஒரு அடி தள்ளி ஹேர் டிரையர் பிடியுங்கள்.

கேள்வி: மொத்தமாக ஒரு தொகை தருகிறார்கள், ஒப்பந்தம் எதுவும் இல்லை. சம்மதிக்கலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: எழுத்தில் இல்லாமல் வேண்டாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர். எனவே பதிப்புரிமை உங்களுடையது, அவர்களுக்குத் தருவது தமிழ்ப் புத்தக அச்சுரிமை மட்டும் என்று எழுதி வாங்குங்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால், 19ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டு என்றே கொள்ளும். இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். 'உலகம் முழுதும், நிரந்தரமாக' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் தொகையைப் பற்றி மறுபடி பேசுங்கள். திருத்தம் பென்சில் கட்டத்தில் இரண்டு முறை, வண்ணம் ஏறிய பிறகு தனிக் கட்டணம். ஸ்கேன் முடிந்ததும் மூல ஓவியங்கள் உங்களிடம் திரும்ப வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.