சியாட்டில் கரையில் பார்த்தது பச்சை நண்டா?

வணக்கம். ஆல்கி கடற்கரையில் கல்லைப் புரட்டியபோது கிடைத்த பச்சை நிறக் குட்டி நண்டு, வெளியிலிருந்து வந்து பரவுகிறது என்று எல்லோரும் எச்சரிக்கிற ஐரோப்பியப் பச்சை நண்டா, கொன்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கொல்லாதீர்கள். நிறத்தை நம்பினால் ஏமாந்துதான் போவோம். எனக்கும் ஆரம்பத்தில் அதே குழப்பம்.

முட்களை எண்ணுங்கள். பச்சை நண்டுக்குக் கண்ணை ஒட்டி ஓட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஐந்து. உங்கள் படத்தில் மூன்றுதான் தெரிகிறது. கொடுக்கில் மை தெளித்தது போல ஊதாப் புள்ளிகளும் இருக்கின்றன. அப்படியானால் இது அந்த ஊர்க்காரரேதான்: ஊதாக் கரை நண்டு. அலாஸ்கா முதல் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை உண்டு. ஊதா, சிவப்பு, பச்சை என்று எந்த நிறத்திலும் வரும். கால்களில் மயிர் இருக்காது. இருந்தால் அது இதன் பங்காளி இனம். சாப்பாடு பெரும்பாலும் பாசிதான்.

ஒருவேளை ஐந்து முள் உள்ளது சிக்கினாலும் படம் எடுத்து மாநில மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள், அவ்வளவுதான். அப்புறம், புரட்டிய கல்லை மெதுவாகப் பழையபடி வைத்துவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் அடியில் இருப்பதெல்லாம் செத்துவிடும்.