வாங்குமுன் கேளுங்கள்: உறைந்த அணையில் தூண்டில்

கே: மகன் அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்து டென்வரில் இருக்கிறான். ஜனவரியில் டில்லன் அணையில் வழிகாட்டியோடு பனியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறோம். துளைக்கருவி, கூடாரம், தூண்டில் எல்லாம் வாங்கிவிடட்டுமா? – குளச்சல் வாசகர்

ப: வேண்டாம். வழக்கமாக அதெல்லாம் வழிகாட்டியின் கட்டணத்திலேயே அடங்கும், எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன்பிடி லைசென்ஸ் பெரும்பாலும் தனி. கொலராடோவில் 16 வயதானால் கட்டாயம்.

கே: 'மைனஸ் 20' என்று போட்ட ஜாக்கெட் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே காட்டன் பனியன் போதுமா? – நாகர்கோவில்

ப: போதாது. யார் சோதித்தது என்று சொல்லாத எண் வெறும் மை. இதே மாதிரி ஒன்றை வாங்கி மணாலியில் இரண்டு நாள் ஹோட்டல் போர்வைக்குள் கிடந்தவன் சொல்கிறேன். காட்டன் வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாது. நீங்களோ துளைப் பக்கம் அசையாமல் உட்காரப்போகிறவர். கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் வாங்குங்கள்.

கே: நாமே போனால் வழிகாட்டிக் கூலி மிச்சம்தானே? – குலசேகரம்

ப: பேச்சிப்பாறையில் மதகைத் திறந்தால் தண்ணீர் இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலை அணைகளிலும் அப்படித்தான். மேலே பனி உறைந்திருக்கும், அடியில் தண்ணீர் இறங்கியிருக்கும், கரையோரப் பனி தாங்கல் இல்லாமல் விரிசல் விடும். நடக்கத் தெளிந்த பனி குறைந்தது 4 அங்குலம் வேண்டும் என்பார்கள். நடுவில் அது இருந்தாலும் கரையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. கூலி கொடுப்பது தூண்டிலுக்கு இல்லை, இதைப் பார்த்துச் சொல்வதற்கு.

கே: கடையில் கச்சிதமாக இருந்த பூட்ஸ், கம்பளிக் காலுறை போட்டால் ஏறவில்லை. பில் இல்லை, மாற்றித் தர மறுக்கிறார்கள். – தக்கலை

ப: காலுறை இல்லாமல் பனி பூட்ஸ் போட்டுப் பார்த்தீர்களாக்கும். பூட்ஸில் குறையில்லையே, கடைக்காரரை என்ன சொல்ல? நயமாகக் கேட்டுப் பாருங்கள். ஆனால் பில்? வரி மிச்சம் என்று நானும் ஒருமுறை பில் இல்லாமல் மிக்ஸி வாங்கினேன். மூன்றாம் வாரம் மோட்டார் கருகியது. "சாரை நான் பார்த்ததே இல்லையே" என்றார் கடைக்காரர். அன்றிலிருந்து டீக்கடையில் கூட பில் கேட்கத் தோன்றுகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எத்தனை பெரிய எழுத்தில் அச்சடித்தாலும் குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. அதைக் காட்டிக் கேட்கத்தான் அந்தத் துண்டுத் தாள் வேண்டும்.

கே: பனி சரியாக உறையவில்லை என்று வழிகாட்டி பயணத்தை ரத்து செய்தார். இங்குள்ள ஏஜென்ட் 40,000 ரூபாய் முன்பணத்தைத் தரமாட்டேன் என்கிறார். – மார்த்தாண்டம்

ப: உங்கள் மேல் தப்பே இல்லை. ரத்தானால் பணம் கிடையாது என்று நீங்கள் ஒப்புக்கொண்ட தாளில் எங்கும் இல்லை. நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அசையவில்லை என்றால் நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போக வேண்டும். வழிகாட்டி ரத்து செய்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.