3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு ஜப்பான் பேஸ் அம்ப் வாங்கலாமா?

நோர்வூட் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். கல்யாண வீடு, தோட்டத்து திருவிழா, ஞாயித்துக்கிழமை சர்ச்னு ஒரு பேண்ட்ல பேஸ் கிட்டார் வாசிக்கிறாராம். இப்ப இருக்கிற அம்ப் சத்தம் கூட்டினா கரகரங்குதாம். ஹட்டன் டவுன்ல ஒரு புரோக்கர், ஜப்பான் கொன்டெய்னர்ல வந்த பெரிய பிராண்ட் பேஸ் அம்ப் ஒண்ணு இருக்கு, 3 லட்சத்து 80 ஆயிரம், 1 லட்சம் அட்வான்ஸ் போட்டா எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்கார். கட்டார்ல இருக்கிற அண்ணன் காசு அனுப்ப ரெடியாம். "வெளிநாட்டு அம்ப் அந்த விலைக்கு சவுண்ட் குடுக்குமா அண்ணே, இல்ல பேருக்குத்தான் காசா?"ன்னு கேக்கிறார்.

அந்த அட்வான்ஸ போடாதீங்க தம்பி. இத முதல்ல சொல்லிட்டேன், காரணம் பிறகு. வெளிநாட்டு அம்ப் மோசம்னு நான் சொல்லல, நல்ல கம்பனி அம்ப் நல்ல அம்ப்தான், கூட்டி வச்சாலும் சத்தம் உடையாது, வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா உங்க வேலைக்கு அவ்வளவு காசு போட தேவையில்ல, அதுவும் இந்த வழியா போடவே கூடாது.

கல்யாண மண்டபத்தில சவுண்ட்ஸ்காரர் உங்க அம்புக்கு பின்னால இருந்து ஒரு வயர இழுத்து மிக்ஸருக்கு குடுக்கிறார் இல்லையா, சனம் கேக்கிறது அந்த வயர்ல போறதத்தான். அது மிக்ஸருக்கு போய், பவர் அம்புக்கு போய், அவரோட சப் வூபர்ல இருந்து வருது. உங்க பக்கத்தில இருக்கிற பெட்டி உங்களுக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் மட்டும்தான். முன் வரிசையில இருக்கிற மாமாவுக்கு அது எந்த நாட்டு பெட்டின்னு தெரியவும் போறதில்ல. 1960கள்ல டெட்ராய்ட்ல மோட்டவுன் ஸ்டூடியோவில ஜேம்ஸ் ஜேமர்சன் வாசிச்ச பேஸ், இன்னைக்கும் உலகமே பாடம் படிக்கிற பேஸ், அதையே பெரும்பாலும் அம்புக்கு மைக் வைக்காம நேரா மிக்ஸருக்கு குடுத்துத்தான் ரெக்கோட் பண்ணினாங்க. அதனால சவுண்ட்ஸ் இருக்கிற மேடைக்கு போறவருக்கு ஒரு நல்ல டிஐ பொக்ஸ், அதாவது பேஸ் கிட்டார நேரா மிக்ஸருக்கு குடுக்கிற சின்ன பெட்டி, இருந்தா பாதி பிரச்சின முடிஞ்சுது. சான்ஸ்அம்ப் மாதிரி விலை கூடினதும் இருக்கு, பெஹ்ரிங்கர் பிடிஐ21னு கையடக்கமா விலை குறைஞ்சதும் இருக்கு, ரெண்டாவதே உங்களுக்கு போதும்.

இப்ப கரகரப்பு விஷயம். பேஸ்ல நாலாவது கம்பி, அந்த தடிச்ச ஈ கம்பி, செக்கனுக்கு 41 தரம்தான் அதிருது. சாதா கிட்டார்ல தடிச்ச கம்பி 82. பாதிதானேன்னு நினைக்காதீங்க, அதே அளவு சத்தத்த பாதி அதிர்வுல எடுக்கணும்னா ஸ்பீக்கர் கோன் முன்ன பின்ன ஆடுற தூரம் நாலு மடங்கு ஆகணும். சின்ன பெட்டி அதுக்கு எங்க போகும், ஆடி ஆடி விளிம்புல முட்டுது, அதுதான் கரகரப்பு. முதல்ல பேஸ் நொப்ப கீழ இறக்கி மிட் நொப்ப கொஞ்சம் ஏத்தி வாசிச்சு பாருங்க. நம்ம பசங்க எல்லாரும் பேஸ் கிட்டார்னா பேஸ் நொப் முழுசா திருகி இருக்கணும்னு நினைக்கிறாங்க, ஸ்பீக்கர கொல்றதே அதுதான். இறக்கின பிறகும் கரகரத்தா அம்பையே வேற ஒரு ஸ்பீக்கர்ல மாட்டி பாருங்க. அங்க சத்தம் சுத்தமா வந்தா உங்களுக்கு தேவை ஒரு ஸ்பீக்கர் மட்டும்தான், 3 லட்சத்து 80 ஆயிரம் இல்ல.

வாட்ஸ் கணக்க வச்சும் ஏமாத்துவாங்க. 100 வாட்ஸ 200 ஆக்கினா சத்தம் ரெண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். காதுக்கு ரெண்டு மடங்குன்னு கேக்கணும்னா கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட்ஸ் வேணும். பெட்டியில பிஎம்பிஓன்னு எழுதி பக்கத்தில ஆயிரக்கணக்கில ஒரு நம்பர் போட்டிருந்தா அந்த கடைய விட்டு வெளிய வந்துருங்க, ஆர்எம்எஸ், அதாவது விடாம குடுக்கிற உண்மையான வாட்ஸ், எவ்வளவுன்னு கேளுங்க, அது தெரியாத கடைக்காரர் அரிசி விக்கலாம்.

காசு போட்டே ஆகணும்ங்கிற இடம் ஒண்ணு இருக்கு, அத மட்டும் விவரமா சொல்றேன். சவுண்ட்ஸ் இல்லாத இடம். இல்லன்னா சவுண்ட்ஸ் இருந்தும் ரெண்டு டொப் ஸ்பீக்கர மட்டும் ஸ்டாண்ட்ல ஏத்திட்டு சப் கொண்டு வராத இடம், தோட்டத்து கோயில்ல கம்பத்தில புனல் கட்டி, அதுலயே பூசையும் அறிவிப்பும் பாட்டும் போடுற இடம், சின்ன சர்ச்சில வெறும் மைக் செட்டு மட்டும் இருக்கிற இடம். புனல் ஸ்பீக்கர்ல பேஸ் வராது, எவ்வளவு கூட்டினாலும் வராது, அது பேச்சுக்கு செஞ்சது. அங்க பேஸ் முழுக்க உங்க பெட்டியில இருந்துதான் வரணும், அப்ப காசு போடுறதில அர்த்தம் இருக்கு. ஆனா அங்கயும் காச அம்ப் ஹெட்ல, அதாவது ஸ்பீக்கர் இல்லாத தனி அம்ப்ல, கொட்டாம ஸ்பீக்கர் பெட்டியில போடுங்க. 500 வாட்ஸ் இத்தாலி ஹெட்ட வாங்கி உள்ளூர் பலகையில அடிச்ச ஒத்த ஸ்பீக்கர் பெட்டியில மாட்டினா லயத்து அறைக்கு பங்களா கதவு போட்ட மாதிரிதான். ரெண்டு 10 இஞ்சோ, ஒரு நல்ல 15 இஞ்சோ போட்ட கெபினட்டா பாருங்க, பலகை தடிப்பா இருக்கணும், தட்டினா தகரம் மாதிரி சத்தம் வரக்கூடாது. பின்னால 8 ஓம்ன்னு இருந்தா அதே மாதிரி இன்னொண்ண பிறகு சேர்க்கலாம், ரெண்டும் சேர்ந்தா 4 ஓம், பெரும்பாலான ஹெட் அது வரைக்கும் தாங்கும், மூணாவது மாட்டினா அம்ப் போயிரும். திறந்த வெளின்னா பெட்டிய மேடை நடுவில தனியா நிறுத்தாம தரையில வச்சு பின் சுவரோட ஒட்டி வைங்க, காசு செலவில்லாம பேஸ் கூடும். இந்த மாதிரி இடத்தில நீங்க மாசத்துக்கு ரெண்டு மூணு தரம் வாசிச்சா கெபினட் வாங்குங்க, வருஷத்துக்கு ஒரு திருவிழான்னா வாடகைக்கு எடுங்க.

சரி, ஜப்பான் கொன்டெய்னர். எனக்கு கோபம் வர்ற இடம் இதுதான். ஜப்பான்ல வீட்டு கரண்ட் 100 வோல்ட். நமக்கு 230. அங்க வீட்டு பாவனைக்கு வித்த அம்ப இங்க நேரா குத்தினா ட்ரான்ஸ்போமர் புகையும், சில நேரம் ஸ்பீக்கரையும் சேர்த்து கொண்டு போகும். இது தெரிஞ்சும் புரோக்கர்மார் ரெண்டு முள்ளு ப்ளக்க வெட்டிட்டு நம்ம மூணு முள்ளு ப்ளக்க போட்டு "செட் பண்ணியாச்சு"ன்னு விக்கிறாங்க. ப்ளக் மாறினா வோல்டேஜ் மாறாது தம்பி! அப்பிடி எரிஞ்சு வந்த பெட்டி என் மேசையில நிறைய ஏறியிருக்கு, வித்தவர் ஃபோன் எடுக்கிறதில்ல, பில் கிடையாது, வொரண்டி கிடையாது. "ஸ்டெப் டவுன் போட்டா சரி"ன்னு சொல்லுவாங்க, 230அ 100க்கு இறக்குற ட்ரான்ஸ்போமர் அது, அதுலயும் வாட்ஸ் பொய், செம்புக்கு பதிலா அலுமினிய கம்பி சுத்தினது. நல்ல ஸ்டெப் டவுனே கிடைச்சாலும் நம்ம தோட்டத்து கரண்ட பாருங்க, சாயங்காலம் எல்லா வீட்லயும் லைட்டும் ரைஸ் குக்கரும் போட்டா 230 வர்ற இடத்தில 200க்கு விழும், அப்ப ஸ்டெப் டவுன்ல இருந்து அம்புக்கு போறது 87 வோல்ட்தான், உங்க கச்சேரியும் அந்த நேரத்திலதானே. லைன பெருசாக்கி குடுங்கன்னு எத்தன கடுதாசி எழுதினாலும் கொழுந்து லொறி வர்ற மாதிரி ஒரு நாளும் ஆள் வரப்போறதில்ல. அமெரிக்க அம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதுவும் இதே கத. பின்னால லேபிள்ல 100 இருந்து 240 வோல்ட் வரைக்கும்னு அச்சடிச்சிருந்தா மட்டும் பயமில்ல. பேனாவில எழுதினது, ஸ்டிக்கர் ஒட்டினதெல்லாம் கணக்கில்ல.

உயிர் விஷயம் ஒண்ணும் இதில இருக்கு. ரெண்டு முள்ளுல எர்த் இல்ல. எர்த் இல்லாத அம்ப்ல கிட்டார மாட்டிட்டு, கம்பியில கை இருக்கும்போது உதடு மைக்ல பட்டா ஷொக் அடிக்கும். மழையில நனைஞ்ச மேடையில அது வெறும் சுள்ளுன்னு போற ஷொக்கா இருக்காது. பழைய லயங்கள்ல எர்த் வயரே ஒழுங்கா இல்ல, அதனால பாட்டு பாடிக்கிட்டே பேஸ் வாசிக்கிறவர் முதல்ல மைக்க புறங்கையால தட்டி பார்க்கணும், அதுக்கு முதல் ஒரு எலக்ட்ரிஷியன கூப்பிட்டு எர்த்த பார்க்க சொல்லணும். ஊம்ன்னு இரையுதுன்னு எர்த் கம்பிய கழட்டி விடுற சவுண்ட்ஸ்காரரோட வாசிக்கவே போகாதீங்க. ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்தில இடி இடிக்கிற காலம், வாசிச்சு முடிஞ்ச கையோட ப்ளக்க கழட்டுங்க.

வால்வ் அம்ப், அந்த பழைய கால கண்ணாடி வால்வ்ல ஓடுறது, வேணாம். 1969ல வந்த அம்பெக் எஸ்விடி 300 வாட்ஸ், அந்த சத்தத்துக்கு ஈடு இல்லத்தான், ஆனா அதோட எட்டு ஸ்பீக்கர் பெட்டி மட்டும் 60 கிலோவுக்கு மேல. த்ரீவீல்ல ஏத்தி டிவிஷன் ரோட்டில கொண்டு போய் பாருங்க. வால்வ் தேஞ்சா செட்டா மாத்தணும், ஸ்பீக்கர் மாட்டாம ஒன் பண்ணினா உள்ள இருக்கிற ட்ரான்ஸ்போமரே போயிரும்.

செக்கண்ட் ஹேண்ட்ல இன்னொரு வேலையும் நடக்குது. பெட்டி ஒரிஜினல், பேர் ஒரிஜினல், உள்ள ஸ்பீக்கர் புறக்கோட்டையில வாங்கி போட்டது. முன்னால இருக்கிற வலைய கழட்டி டோர்ச் அடிச்சு பாருங்க, ஆணி தலை தேஞ்சிருந்தா யாரோ கழட்டியிருக்காங்க. கோன ரெண்டு கையாலயும் மெதுவா ஒரே சமமா அமுக்குங்க, உரசுற சத்தம் வந்தா கொயில் போச்சு. உங்க பேஸ் கிட்டாரையும் கொண்டு போய் அர மணித்தியாலம் வாசிச்சு பாருங்க, சூடாகின பிறகுதான் கள்ளம் வெளிய வரும். நுவரெலியா பக்கம் பூட்டி வச்சிருந்த பெட்டின்னா உள்ள பூஞ்சணம் இருக்கான்னு மோந்தே பார்க்கலாம்.

புதுசா இங்கயே கடையில ஏன் வாங்கக்கூடாதுன்னு கேப்பீங்க. வாங்கலாம், விலைதான் கொடுமை. 2022ல 200 ரூபா டொலர் ஒரு ரெண்டு மாசத்தில 350ஐ தாண்டிச்சு, அதோட ஏறின விலை சரியா இறங்கவே இல்ல. 2024 ஜனவரியில வட் வரி 15 இருந்து 18 வீதமாச்சு, அதுக்கு முதல்ல துறைமுகத்தில சுங்கம், அந்த வரி இந்த வரின்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணு, வரிக்கும் வரி. தோட்டத்து பசங்க பாட்டு வாசிக்கிற சாமானுக்கு இந்த பாடு, கேக்க ஆளில்ல. அதனாலதான் சனம் கொன்டெய்னர் புரோக்கர்கிட்ட போய் விழுது.

உங்களுக்கு நல்ல வழி ஒண்ணு ஏற்கனவே இருக்கு. கட்டார்ல கரண்ட் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ப்ளக்கும் நம்ம மூணு முள்ளு சதுர ப்ளக்தான். அங்க கடையில விக்கிற அம்ப் இங்க அப்பிடியே ஓடும். அண்ணன் லீவுல வரும்போது கையோட கொண்டு வரட்டும். ஃபெண்டர் ரம்பிள் 100 மாதிரி 12 இஞ்ச் ஒண்ணு போட்ட பெட்டி 10 கிலோ அளவுதான், பின்னால டிஐ வயர் மாட்டுற ஓட்டையும் இருக்கு. கல்யாண மேடைக்கும் சர்ச்சுக்கும் அது தாராளம். விமானத்தில ஒரு பொதிக்கு 32 கிலோவுக்கு மேல எடுக்க மாட்டாங்க, அவரோட டிக்கட்டுக்கு எத்தன கிலோன்னு முதல்லயே பார்க்க சொல்லுங்க, கடை பில்ல பெட்டிக்குள்ள வைக்காம கையில வச்சிருக்க சொல்லுங்க, சுங்கத்தில கேப்பாங்க. அதுவரைக்கும் பேஸ் நொப்ப இறக்கி, ஒரு டிஐ பொக்ஸ் வாங்கி சமாளிங்க.

புரோக்கர் விட மாட்டேங்கிறார்னா ஒண்ணு மட்டும் கேளுங்க, அம்புக்கு பின்னால வோல்ட் எழுதின லேபிள கிட்டத்தில ஃபோட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. 100ன்னு மட்டும் இருந்தா வேணாம்னு சொல்லிருங்க. "ஃபோட்டோ எதுக்கு தம்பி, நம்பிக்கதான் முக்கியம்"ன்னு பேச்ச மாத்தினா ஃபோன வச்சிருங்க.