சுகர் மாத்திரைக்கு மெசேஜ் அனுப்பினால் பலன் உண்டா? அதற்குக் காசு கட்டலாமா?

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுடன் போடியில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகச் சுகர். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். இரவு மாத்திரையை அடிக்கடி மறந்துவிடுகிறார். போன மாதம் எடுத்த மூன்று மாத சுகர் சராசரி (எச்பிஏ1சி) 8.6. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஊரில் நடந்த இலவச சுகர் முகாமில் அவர் நம்பரை வாங்கிக்கொண்டவர்கள், ஆறு மாதத்துக்கு 2,999 ரூபாய் கட்டினால் தினமும் மெசேஜ் வரும், சுகர் இறங்கி மாத்திரையே குறைந்துவிடும் என்கிறார்கள். கட்டலாமா? நானே மெசேஜ் அனுப்பினால் போதாதா?

பதில்: கட்டாதீர்கள். நீங்களே அனுப்புங்கள், அதுதான் நல்லது. ஆனால் உங்கள் அப்பா சாப்பிடும் மாத்திரைக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் நாளைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள்.

முதலில் மெசேஜுக்குப் பலன் உண்டா என்பது. உண்டு, அளவோடு. நியூசிலாந்தில் சுகர் கட்டுக்குள் வராத 366 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2018-இல் வெளியானது. பாதிப் பேருக்கு 9 மாதம் வரை அவரவருக்கு ஏற்ற மாதிரி மெசேஜ் அனுப்பினார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மெசேஜ் வாங்கியவர்களின் மூன்று மாத சராசரி மற்றவர்களைவிட ஏறக்குறைய 0.4 கூடுதலாக இறங்கியது. அதாவது 8.6 இருப்பவருக்கு வெறும் மெசேஜால் 8.2-க்கு வர வாய்ப்பு உண்டு, 6-க்கு வர வாய்ப்பில்லை. உங்கள் அப்பா வயதில் 7-ஐ ஒட்டியோ 7.5-ஐ ஒட்டியோ இருந்தாலே பெரும்பாலான டாக்டர்கள் திருப்தி அடைவோம். அந்த இடத்துக்குக் கொண்டுபோவது ஒழுங்காகச் சாப்பிடும் மாத்திரையும் சாப்பாடும் நடையும்தான். மெசேஜ் அதற்கு ஒரு கைத்தாங்கல்.

இதைச் சொன்னால் முகாம்காரர்கள் உடனே சென்னை ஆய்வு என்று ஒன்றைக் காட்டுவார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு அது, 2013-இல் வந்தது, உண்மையிலேயே அருமையான வேலை. 537 ஆண்கள். இரண்டு வருடத்தில் மெசேஜ் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை நோய் வந்தது, வாங்காதவர்களில் 27 சதவீதம். ஆனால் அந்த 537 பேருக்கும் ஆரம்பத்தில் நோயே கிடையாது, வரும் விளிம்பில் இருந்தவர்கள். வராமல் தடுப்பதற்கான ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வருடமாகச் சுகர் இருக்கிறவரிடம் மாத்திரை குறையும் என்று சொல்வது ஏமாற்று. (உங்கள் அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். அந்த ஆய்வு அவரைவிட உங்களுக்குத்தான் பொருந்தும், ஒருமுறை டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்.)

சரி, ஆபத்து என்ன என்று பார்ப்போம். கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது, சுரக்க வைத்துவிடும். இரவு எட்டரை மணிக்கு மாத்திரை போடச் சொல்லி மெசேஜ் வருகிறது. அன்றைக்கு அப்பாவுக்கு வயிறு சரியில்லை, ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிட்டார். மகள் அனுப்பியிருக்கிறாளே என்று எழுந்து மாத்திரையைப் போடுகிறார். நள்ளிரவு தாண்டி சுகர் 70-க்குக் கீழே (இது மீட்டர் காட்டும் அளவு, மூன்று மாத சராசரி அல்ல) போகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, ஏதேதோ பேசுகிறார். வயதானவர்களுக்குப் பல நேரம் வியர்வைகூட வராது, குழப்பம் மட்டும்தான் வரும். தூக்கக் கலக்கம் என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இப்படி வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன், மாத்திரையை மறந்த இரவைவிட, சாப்பிடாமல் மாத்திரையை மறக்காத இரவு ஆபத்தானது. ஒருநாள் மறந்தால் மறுநாள் சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

அதனால் உங்கள் மெசேஜ் முதலில் சாப்பாட்டைக் கேட்க வேண்டும், அப்புறம்தான் மாத்திரை. "அப்பா, சாப்பிட்டாச்சா? சாப்பிட உட்காரும்போது சுகர் மாத்திரை." இவ்வளவு போதும். அவர் வழக்கமாக எட்டரைக்குச் சாப்பிடுகிறார் என்றால் எட்டு இருபதுக்கு அனுப்புங்கள். சாப்பிட உட்கார்ந்து மாத்திரையும் போட்டுவிட்டால் உங்களுக்கு ஒரு மிஸ்டு கால், செலவில்லை, பட்டன் போனில் டைப் செய்யும் தொல்லையும் இல்லை. சாப்பிடவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, வாந்தி, பேதி, காய்ச்சல் என்று எது இருந்தாலும் மாத்திரையைத் தொடாமல் உங்களுக்கு ஒரு முழு கால் செய்து பேச வேண்டும். இதை அப்பாவிடமும் அம்மாவிடமும் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள், மெசேஜில் சொல்லிப் புரியவைக்க முடியாது. வாந்தி பேதி இருக்கும்போது மெட்ஃபார்மினும் நல்லதில்லை, அதனால் அந்தக் கூட்டு மாத்திரை மொத்தமாகவே அன்றைக்கு வேண்டாம், சுகரைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு ஊசியை நிறுத்திவிடக் கூடாது, அவர்களுக்குக் கணக்கு வேறு.

இன்னொன்று, இதை நிறைய டாக்டர்களே சொல்ல மறந்துவிடுகிறார்கள். லோ சுகர் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வோம். ஆனால் மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினோடு மூன்றாவதாக வோக்லிபோஸ் என்ற பெயரும் இருந்தால் சாதாரணச் சர்க்கரை உடலில் சேர நேரமாகும், ஏனென்றால் சர்க்கரையைக் குடலில் உடையவிடாமல் தடுப்பதுதான் அந்த மருந்தின் வேலை. அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேலை செய்யும். நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்த மாத்திரையை ஏராளமானவர்கள் சாப்பிடுகிறார்கள், வீட்டில் ஒரு பாக்கெட் குளுக்கோஸ் இருக்காது. அப்பாவின் அட்டையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள், அந்தப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பாக்கெட் வாங்கி அம்மா கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெசேஜில் மாத்திரையின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதாதீர்கள். டாக்டர் அடுத்த மாதம் அளவை மாற்றுவார், பழைய மெசேஜ் போனிலேயே கிடக்கும், அதைப் பார்த்துப் பழைய அளவைப் போடுவார்கள். சில நாள் டவர் கிடைக்காமல் எட்டரை மணி மெசேஜ் பத்தரைக்கு வந்து சேரும், ஏற்கெனவே போட்டவர் இன்னொன்றைப் போட்டுவிடுவார். இதற்கு எளிய வழி, கிழமை எழுதிய மாத்திரை டப்பா, மருந்துக்கடையில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை அம்மா நிரப்பி வைத்துவிட்டால் அன்றைய கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். காலையில் விட்டுப்போனதை இரவு சேர்த்துப் போடுவதும் கூடாது.

தமிழில் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70 தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும், ஆக நாம் எண்ணுகிற எழுத்து நாற்பது சொச்சம்தான் பிடிக்கும். நீளமாக எழுதினால் துண்டாகப் போகும், சில பழைய போன்களில் தமிழே கட்டம் கட்டமாகத் தெரியும். முதல் மெசேஜை நீங்கள் ஊரில் இருக்கும்போதே அனுப்பி, அவர் போனில் எப்படித் தெரிகிறது, கண்ணாடி போடாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். படிக்கத் திணறினால் கண் டாக்டரிடம் விழித்திரையையும் காட்டிவிடுங்கள், எப்படியும் வருடம் ஒருமுறை காட்ட வேண்டியது.

இனி அந்த 2,999 ரூபாய்க்காரர்கள். இலவச முகாமில் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது அவர்களுக்குச் சின்னச் செலவு. அதற்குப் பதிலாக உங்கள் அப்பாவின் பெயர், வயது, சுகர் அளவு, போன் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் போகிறது. அந்த நோட்டுதான் சரக்கு. அதன்பிறகு வருவது மெசேஜ், அதன்பிறகு பவுடர், அதன்பிறகு மூலிகைக் கஷாயம், 90 நாளில் சுகர் போய்விடும் என்று ஒரு லிங்க். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே அது தடை செய்கிறது. எழுபது வருடத்துக்கு மேலாகியும் பஸ் ஸ்டாண்டு சுவரிலிருந்து செல்போன் வரை அந்த விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, தடுக்க வேண்டியவர்கள் தடுப்பதில்லை. மாத்திரை குறையும் என்று எவர் சொன்னாலும் அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அப்பா பதில் அனுப்பினால் அதை யார் படிப்பார், அவர் என்ன படித்தவர்? இதுவரை இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொன்ன ஒரு ஏஜெண்டை நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே வாசகத்தை அனுப்பும், அப்பா சாப்பிட்டாரா என்று அதற்குத் தெரியாது.

மெசேஜ் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். நிறுவனங்கள் அனுப்பும் முறையான மெசேஜில் பத்து இலக்க நம்பர் இருக்காது, ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர் இருக்கும். 2025 முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்ந்து வருகிறது: ஜி என்றால் அரசு, பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிவர்த்தனை போன்றவை. பி என்று முடிந்தால் அது வியாபாரம், எவ்வளவு அக்கறையாக எழுதியிருந்தாலும் சரி. சாதாரண பத்து இலக்க நம்பரிலிருந்து சுகர் ஆலோசனை வந்தால் அழித்துவிடுங்கள். தொல்லை தருபவர்களைப் பற்றி 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். யாராவது ஓ.டி.பி. கேட்டுப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

அரசாங்கம் இதைச் செய்யக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. 2016-இல் மத்திய அரசு எம்-டயாபடீஸ் என்று, மிஸ்டு கால் கொடுத்தால் சுகர் பற்றிய மெசேஜ் வரும் திட்டத்தைத் தொடங்கியது. நோக்கம் நல்லது, ஆனால் எல்லாருக்கும் பொதுவான அறிவுரை மெசேஜ் ஒருவரின் இரவு மாத்திரைக்கு உதவாது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சீட்டு போடும்போதே போன் நம்பரை வாங்குகிறார்கள். வாங்கி என்ன செய்கிறார்கள்? மாத்திரை தீரப்போகிறது, நாளை வாருங்கள் என்று தமிழில் ஒரு வரி வருகிறதா? மூன்று மாத சராசரி எடுக்க வேண்டிய தேதி என்று வருகிறதா? மெசேஜ் ஒன்றுக்கு சில பைசாதான் ஆகும். நம்பர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, யாருடைய வேலை என்றுதான் முடிவாகவில்லை. இந்த இடைவெளியில்தான் முகாம்காரன் நுழைகிறான்.

இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார்கள், அப்பா பெயர் பதிவாகியிருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வருகிற அந்தச் சுகாதாரப் பணியாளரின் நம்பரை நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். கட்டப்போகிற பணத்தில் ஒரு குளுக்கோமீட்டரும் ஒரு டப்பா ஸ்ட்ரிப்பும் வாங்குங்கள், மீதமும் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் வெறும் வயிற்றில், ஒருநாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எண்ணை மட்டும் அம்மா உங்களுக்கு அனுப்பினால் போதும். எண் அதிகமாக வந்தால் போனில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வாரத்திலிருந்து நல்ல எண்தான் வரும், உண்மையான எண் வராது.

அந்த மிஸ்டு கால்களை ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து சராசரியை மறுபடி எடுங்கள். மிஸ்டு கால் பெரும்பாலும் தவறாமல் வந்திருக்கிறது, 8.6 மட்டும் அசையவே இல்லை என்றால் மெசேஜைக் கூட்டாதீர்கள். அந்தக் காலண்டரையும் ஸ்ட்ரிப் எண்களையும் டாக்டர் முன்னால் வைத்து, மாத்திரையைத் தவறாமல் போடுகிறார் என்று அழுத்திச் சொல்லுங்கள். நோயாளி மாத்திரையே போடுவதில்லை என்று நினைத்துத்தான் நாங்கள் பல நேரம் மருந்தை மாற்றாமல் அப்படியே எழுதித் தருகிறோம். கிளிமிபிரைடுக்குப் பதிலாக லோ சுகர் பயம் குறைந்த மருந்துக்கு மாற்ற முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள், அப்பா வயதில் அது கேட்க வேண்டிய கேள்விதான்.