வளர்ப்பு மீன்களுக்கான தடுப்பூசியைக் கணினி வழியில் வடிவமைப்பது எப்படி?

மீன்களுக்கு நோய் உண்டாக்கும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா போன்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி முழுவதும் கிடைத்துவிட்டால், அதன் புரதங்களுள் செல்லின் வெளிப்புறத்தில் இருப்பவை, பல திரிபுகளிலும் மாறாமல் தொடர்பவை, மீனின் சொந்தப் புரதங்களை ஒத்திராதவை ஆகியவற்றை மென்பொருள் கொண்டு முதலில் பிரித்தெடுக்கிறார்கள். பின்னர், நோயெதிர்ப்பு அமைப்பு அடையாளம் காணக்கூடிய எபிடோப்புகள் என்னும் சிறு துண்டுகளை அவற்றில் கணித்து, ஒரே புரதமாகக் கோக்கிறார்கள்.

இந்தக் கணிப்பில்தான் மிகுந்த கவனம் தேவை என்பது என் கருத்து. நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அடையாளம் காணும் எபிடோப்புகளைக் கணிக்கும் கருவிகள் பெரும்பாலும் மனிதர், எலி பற்றிய தரவுகளால் பயிற்றுவிக்கப்பட்டவை, அந்த எபிடோப்புகளை டி செல்களுக்குக் காட்டும் எம்.எச்.சி. மூலக்கூறுகளோ மீன்களில் வேறுபட்டவை. அட்லாண்டிக் காட் மீனில் இரண்டாம் வகை எம்.எச்.சி. அமைப்பே இல்லை என்பது 2011-இல் வெளியான அதன் மரபணுத்தொகுதி ஆய்வில் தெரியவந்தது. ஆகவே, தடுப்பூசி பெற்ற மீன்களையும் பெறாதவற்றையும் நோய்க்கிருமிக்கு உட்படுத்தி, பிழைத்தவற்றின் விகிதத்தை ஒப்பிட்ட பிறகே அந்த வடிவமைப்பின் பாதுகாப்புத் திறனை மதிப்பிட முடியும்.