போரின் குழப்பத்தையும் வேதனையையும் ஓவியத்தால் காட்ட முடியுமா?

முடியும். இந்தக் கேள்விக்குப் பலரும் பிக்காசோவின் குவெர்னிகாவைச் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் கோடை மாளிகை, தரியா தௌலத் பாக். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நொறுக்கிய சண்டையை அதன் மேற்குச் சுவரில் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் பலமுறை புதுப்பித்த ஓவியம்தான், ஆனாலும் அதன் வேகம் குறையவில்லை.

தூரத்தில் இருப்பவன் சிறியவன், கிட்டத்தில் இருப்பவன் பெரியவன் என்ற கணக்கெல்லாம் அதில் கிடையாது. குதிரைகள் வரிசைக்கு மேல் வரிசையாக நெருக்குகின்றன. ஒரு பக்கம் ஈட்டி பாய்கிறது, இன்னொரு பக்கம் தலை துண்டாகி விழுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது, கண்ணுக்கு நிற்க இடமில்லை. களத்தில் மாட்டியவனுக்கும் எதை முதலில் பார்ப்பது என்று தெரிந்திருக்காது.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு சதுரம். சிவப்புக் கோட்டு வீரர்கள் நான்கு பக்கமும் பார்த்து நிற்கிறார்கள், வெளியேற வழியில்லை. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. நடுவே பல்லக்கில் காயம்பட்ட பெய்லி, விரலை வாயில் வைத்தபடி. பாரசீக, முகலாய ஓவியங்களில் அது வியப்பைக் காட்டும் வழக்கமான சைகைதான். ஆனால் சுற்றிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, செய்வதறியாத ஒரு மனிதனாகத்தான் அவர் எனக்குத் தெரிகிறார். உதவிக்கு வர வேண்டிய இன்னொரு கம்பெனித் தளபதி மன்ரோவின் படை காஞ்சிபுரத்தில்தான் இருந்தது, நேரத்துக்கு வந்து சேரவில்லை. சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இறந்தார்.

திப்புவோ அமைதியாகப் பூவை முகர்ந்துகொண்டிருக்கிறார். இது வெற்றியைக் கொண்டாட வரைந்த படம், எதிரிக்காக இரங்க அல்ல. ஆனால் வெற்றி எவ்வளவு பெரியது என்று காட்ட, தோற்றவன் பட்ட பாட்டை ஓவியர் ஒன்றுவிடாமல் வரைய வேண்டியிருந்திருக்கிறது. அந்த இடத்தில்தான் படம் தன்னை வரையச் சொன்னவரின் கையை மீறிவிடுகிறது என்பது என் எண்ணம்.

பிரெஞ்சுப் படை ஸ்பெயின் மக்களைச் சுட்டுக்கொன்றதை ஸ்பானிய ஓவியர் கோயா 1814இல் வரைந்த ‘1808 மே 3’ இதற்கு நேர் எதிர். சுடும் பிரெஞ்சு வீரர்களின் முகமே தெரியாது. சாகப்போகிறவன் வெள்ளைச் சட்டையோடு, கைகளை விரித்து, விளக்கொளியில் நிற்கிறான். கோயா யார் பக்கம் என்பதில் சந்தேகமே வராது. புள்ளலூர்ச் சுவரில் அந்தத் தெளிவு இல்லை. பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் பக்கத்துச் சிப்பாய்கள். அவர்கள் பட்டதையும் நாம்தான் அதில் தேடிப் பார்க்க வேண்டும்.